தனி மொபைல் தளத்தைத் தொடர்வதா, ரெஸ்பான்சிவ்வுக்கு மாறுவதா? (4,000 பக்கத் தளம்)

தறிநூல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். முடிவெடுக்க வேண்டிய கட்டம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

தளத்தில் சுமார் 4,000 பக்கங்கள். பெரும்பாலும் கருவிகளின் தொழில்நுட்ப விவரங்கள், ஒப்பீட்டு அட்டவணைகள், பயன்பாட்டுக் கையேடுகள். முதன்மைத் தளம் 1,000 பிக்சல் நிலையான அகலம். போனுக்கு 'எம்' துணை டொமைனில் தனித் தளம். டேட்டாபேஸ் ஒன்றுதான், டெம்ப்ளேட்தான் இரண்டு. யூசர் ஏஜென்ட்டைப் (பிரவுசர் தன்னை இன்னது என்று அறிவிக்கும் வரி) பார்த்து சர்வர் ரீடைரக்ட் செய்கிறது, அதாவது வேறு முகவரிக்கு அனுப்புகிறது.

இப்போதைய சிக்கல்கள்: சில டேப்லெட்கள் தவறான தளத்துக்குப் போகின்றன. ஒப்பீட்டுப் பக்கங்கள் மொபைல் தளத்தில் இல்லை, அவற்றைப் போனில் திறந்தால் மொபைல் முகப்புக்குத் தள்ளப்படுகிறது. கையேடுகளில் "சுருக்கமாக இருக்கட்டும்" என்று பாதிக்கு மேல் வெட்டப்பட்டிருக்கிறது.

என் கேள்விகள்:

மொபைல் தளத்தைச் சரிசெய்து தொடரலாமா, மொத்தமாக ரெஸ்பான்சிவ் (ஒரே பக்கம் திரை அகலத்துக்கு ஏற்ப மாறும் முறை) ஆக்கிவிடலாமா? மொபைல் பக்கம் இப்போது 350 கேபி, முதன்மைப் பக்கம் 1.8 எம்பி, ரெஸ்பான்சிவ் ஆக்கினால் போனுக்கும் 1.8 எம்பிதானே போகும் என்று குழுவில் கேட்கிறார்கள், அது சரியா? ஒன்பது பத்திகள் (நெடுவரிசைகள்) உள்ள அட்டவணையைப் போனில் என்ன செய்வது? மாறுவதென்றால் தேடல் தரம் விழாமல் எப்படி மாறுவது?


கட்டம்12 பதில்:

மாறுங்கள். உங்கள் விவரங்களை வைத்துப் பார்த்தால் இதில் தயங்க இடமே இல்லை. காரணம் திரை அளவு அல்ல, ஒரே செய்திக்கு இரண்டு பிரதிகள் இருப்பது. இரண்டு பிரதி இருந்தால் நாளடைவில் ஒன்று பின்தங்கும். உங்கள் மொபைல் கையேடுகளில் பாதி காணாமல் போனதும் ஒப்பீட்டுப் பக்கங்கள் இல்லாமல் போனதும் அதனால்தான். டெம்ப்ளேட்டைச் சரிசெய்தாலும் இரண்டு வருடத்தில் இதே இடத்துக்குத்தான் வந்து நிற்பீர்கள்.

வெட்டப்பட்ட கையேடுகள்தான் எனக்கு மிகவும் கவலை தருகின்றன. கூகுள் மொபைல் பக்கத்தை வைத்தே இண்டெக்ஸ் செய்யும் (தேடலுக்காகப் பதிவுசெய்யும்) முறையை 2016 நவம்பரில் அறிவித்தது, 2018 மார்ச்சில் படிப்படியாகத் தொடங்கியது, 2023 அக்டோபரில் முடித்துவிட்டதாகச் சொன்னது. அதாவது இன்று கூகுள் படிப்பது உங்கள் 'எம்' தளத்தை. கணினியில் தேடுபவருக்கு முதன்மைத் தளத்தின் முகவரி காட்டப்படலாம், ஆனால் மதிப்பிடப்படுவது போன் பக்கத்தில் உள்ள உரை. அங்கே வெட்டிய பகுதி கூகுளைப் பொறுத்தவரை எழுதப்படவே இல்லை. உள் இணைப்புகளுக்கும் ஸ்ட்ரக்சர்டு டேட்டாவுக்கும் (தேடுபொறிக்காகப் பக்கத்தில் எழுதும் குறியீடு) இதே கதி. போன் பக்கத்தில் இல்லையென்றால் கணக்கில் வராது.

ஒப்பீட்டுப் பக்கத்தைத் திறந்தால் மொபைல் முகப்புக்குத் தள்ளுவதை இன்றைக்கே நிறுத்துங்கள், மாற்றம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இணையான பக்கம் இல்லாத முகவரிகளை ரீடைரக்ட் விதியிலிருந்து விலக்கிவிட்டால் போதும். போனில் கணினிப் பக்கம் சிறிதாகத் தெரியும், ஆனாலும் கேட்ட பக்கம் கிடைக்கும்.

டேப்லெட் சிக்கல் யூசர் ஏஜென்ட்டை நம்புவதால் வருவது. ஐபேட்ஓஎஸ் 13 முதல், அதாவது 2019 முதல், ஐபேடின் சஃபாரி தன்னை மேக் கணினி என்றே அறிவிக்கிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட்களில் 'ஆண்ட்ராய்டு' என்ற சொல் இருக்கும், 'மொபைல்' என்ற சொல் இருக்காது. பல பழைய ஸ்கிரிப்ட்கள் முதல் சொல்லை மட்டும் பார்த்துப் போன் என்று முடிவு கட்டிவிடும். குரோம் தன் யூசர் ஏஜென்ட்டைச் சுருக்கிக்கொண்டே வந்து, ஆண்ட்ராய்டில் சாதனத்தின் மாடல் பெயருக்குப் பதில் ஒரே எழுத்தை அனுப்புகிறது. கிளையண்ட் ஹின்ட்ஸ் (சாதன விவரத்தைத் தனி ஹெடர்களில் அனுப்பும் முறை) இருக்கிறதே என்றால், அதை அனுப்புவது குரோமியம் வழி வந்த பிரவுசர்கள்தான். சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் அனுப்புவதில்லை. மடித்து விரிக்கும் போன்களில் பக்கம் திறந்திருக்கும்போதே அகலம் இரட்டிப்பாகிறது. சர்வருக்கு இது தெரியவே தெரியாது, சிஎஸ்எஸ்ஸுக்கு உடனே தெரியும்.

பலரும் யோசிக்காத இன்னொன்று உண்டு. கண்பார்வை குறைந்தவர் 1,280 பிக்சல் அகலக் கணினித் திரையில் 400% பெரிதாக்கினால் பிரவுசருக்குக் கிடைக்கும் அகலம் 320 பிக்சல். ரெஸ்பான்சிவ் பக்கம் உடனே ஒற்றைப் பத்தியாக மாறிவிடும். தனி மொபைல் தளத்தால் இவருக்கு எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் சர்வருக்கு அவர் கணினிக்காரர். இதனால்தான் டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் 'ரீஃப்ளோ' விதி 320 பிக்சல் என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ரீடைரக்டின் விலையையும் கணக்குப் போடுங்கள். யாரோ பகிர்ந்த முதன்மைத் தள இணைப்பைப் போனில் தொடுகிறார் என்று வையுங்கள். ஒரு முறை போய்வர 150 மில்லிசெகண்ட் ஆகும் இணைப்பில், முதன்மைத் தளத்துக்கு டிசிபி இணைப்புக்கு ஒரு சுற்று, டிஎல்எஸ் 1.3 குறியாக்கத்துக்கு ஒன்று, கோரிக்கைக்கு ஒன்று. மூன்று சுற்று, 450 மில்லிசெகண்ட். கிடைக்கும் பதில் "வேறு இடத்துக்குப் போ". அங்கே மறுபடி முதலிலிருந்து. டிஎன்எஸ் தேடலைச் சேர்க்காமலே அரை வினாடி அநியாயமாகப் போகிறது. டிஎல்எஸ் 1.2 என்றால் 600.

தனியாக வைப்பது நியாயமாகும் சூழலும் உண்டு. போனில் செய்யும் வேலையும் கணினியில் செய்யும் வேலையும் உண்மையிலேயே வேறாக இருந்தால், உதாரணமாக கணினியில் முப்பது பத்திகளைத் திருத்தும் நிர்வாகப் பலகையும் போனில் ஒரு பார்கோடு ஸ்கேனும் என்றால், இரண்டு இடைமுகம் எழுதுவது சரி. அப்போதும் முகவரி ஒன்றாக இருக்கட்டும். சர்வர் வேறு எச்டிஎம்எல் தரட்டும், 'வேரி' ஹெடரில் யூசர் ஏஜென்ட்டைக் குறிப்பிடுங்கள். அந்த ஹெடர் விடுபட்டால் இடையில் உள்ள கேஷ் போன் பக்கத்தைக் கணினிக்காரருக்கு எடுத்துக் கொடுத்துவிடும். உங்கள் தளம் அந்த வகை இல்லை. அது படிக்கும் தளம்.


பொடிப்படம் பதில்:

கட்டம்12 சொன்ன முடிவோடு உடன்படுகிறேன். ஆனால் குழுவினரின் 1.8 எம்பி பயத்தைத் தள்ளிவிடக் கூடாது, அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1,000 பிக்சல் டெம்ப்ளேட்டில் நாலு மீடியா கொயரி (திரை அகலத்தைப் பார்த்து மாறும் சிஎஸ்எஸ் விதி) எழுதி, பக்கப்பட்டியை 'டிஸ்ப்ளே நன்' போட்டு மறைத்து, "ரெஸ்பான்சிவ் முடிந்தது" என்றால் போனுக்கும் 1.8 எம்பிதான் போகும். மறைத்த படமும் டவுன்லோடு ஆகும், மறைத்த பகுதியின் ஸ்கிரிப்டும் ஓடும். 2010-இல் ஈத்தன் மார்காட் ரெஸ்பான்சிவ் வடிவமைப்பு என்ற பெயரைக் கொடுத்தபோது சொன்ன மூன்று அடிப்படைகள் நெகிழும் கட்டம், நெகிழும் படம், மீடியா கொயரி. அன்று நெகிழும் படம் என்றால் பெரிய கோப்பைச் சுருக்கிக் காட்டுவதுதான். கோப்பையே மாற்றிக் கொடுக்கும் வசதி பின்னால் வந்தது. இன்று அதைப் பயன்படுத்தாமல் விட்டால் அது நம் தவறு.

எடையில் பெரும்பங்கு படம்தான். உங்கள் பட்டியல் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். போன் அகலம் 360 சிஎஸ்எஸ் பிக்சல், பிக்சல் அடர்த்தி 3. இரண்டு பக்கமும் 16 ஓரம், நடுவில் 8 இடைவெளி, இரண்டு அட்டை. ஒரு அட்டைக்கு 160 பிக்சல். 160 பெருக்கல் 3, ஆக 480 பிக்சல் அகலப் படம் போதும். நீங்கள் 'எஸ்ஆர்சிசெட்'டில் (ஒரே படத்தின் பல அளவுக் கோப்புகளின் பட்டியல்) 360, 540, 720, 1,080, 1,440 என்று ஐந்து கோப்பு வைத்திருந்தால் பிரவுசர் 540-ஐ எடுக்க வேண்டும்.

ஆனால் 'சைசஸ்' பண்பை எழுத மறந்தால் என்ன ஆகும்? படம் திரையின் முழு அகலம் என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். 360 பெருக்கல் 3, 1,080. அகலம் இரு மடங்கு, பிக்சல் எண்ணிக்கை நான்கு மடங்கு. பக்கத்தில் இருபது அட்டை இருந்தால் இருபதுக்கும் இப்படித்தான். எஸ்ஆர்சிசெட் எழுதியும் பக்கம் கனமாகவே இருக்கிறது என்று புலம்பும் தளங்களில் பெரும்பாலும் இந்த ஒரு வரி இல்லை அல்லது தவறு. படத்தை எந்த அளவில் காட்டப்போகிறோம் என்பது சிஎஸ்எஸ் வந்து சேரும் முன்பே பிரவுசருக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பண்பை எச்டிஎம்எல்லிலேயே எழுதுகிறோம். அட்டையின் அகலத்தைச் சிஎஸ்எஸ்ஸில் மாற்றும்போதெல்லாம் இதையும் மாற்றுங்கள்.

கூடவே செய்ய வேண்டியவை:

எல்லாப் படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் எச்டிஎம்எல்லில் எழுதி, சிஎஸ்எஸ்ஸில் உயரத்தை 'ஆட்டோ' ஆக்குங்கள். இல்லையென்றால் படம் வந்து விழும்போது உரை கீழே தள்ளப்படும். இந்தத் துள்ளலின் அளவு (கூகுளின் சிஎல்எஸ் எண்) 0.1-க்குள் இருக்க வேண்டும்.

திரைக்குக் கீழே உள்ள படங்களுக்கு மட்டும் 'லேஸி லோடிங்' (திரையை நெருங்கும்போது ஏற்றுவது). பக்கத்தின் தலைப்புப் படத்துக்கு அதைப் போடவே கூடாது. அதுதான் பெரும்பாலும் எல்சிபி (திரையில் தெரியும் மிகப் பெரிய) உறுப்பு, 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டியது. டெம்ப்ளேட்டில் எல்லாப் படத்துக்கும் ஒரே வரியில் லேஸி போடும் பழக்கம் இந்த எண்ணைக் கெடுத்துவிடும்.

ஒப்பீட்டுக் கருவி, வரைபடம் போன்ற கனமான ஸ்கிரிப்ட்களை அந்தப் பகுதி திரையை நெருங்கும்போது ஏற்றுங்கள். ஆனால் உரையை அப்படி ஏற்றாதீர்கள். பொத்தானைத் தொட்டால்தான் சர்வரிலிருந்து உரை வரும் என்றால் கூகுள்பாட் (பக்கங்களைப் படிக்கும் கூகுளின் நிரல்) தொடாது, உரையைப் பார்க்காது. இடத்தைச் சேமிக்க மடிப்புப் பெட்டி வைத்தால் தவறில்லை, உரை எச்டிஎம்எல்லில் முதலிலேயே இருந்தால் போதும். கையேடுகளில் வெட்டிய பகுதியைப் போனில் இப்படிக் கொண்டுவரலாம்.

இவற்றைச் செய்தால் போனுக்கு 350 கேபி என்ற இலக்கை ரெஸ்பான்சிவ் பக்கத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு வரம்பாக எழுதி வைத்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் அளந்து பாருங்கள். குழுவின் பயத்துக்கு அதுதான் நேர்மையான பதில்.


விளிம்பு பதில்:

அட்டவணைக்கு வருகிறேன், இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள்.

ஒன்பது பத்தி அட்டவணையைப் போனில் அட்டைகளாக உடைத்துக் காட்டும் உத்தி ஒன்று உண்டு. வரிசையையும் கட்டத்தையும் 'பிளாக்' ஆக்கிவிடுவது. முகவரிப் பட்டியல் போன்றவற்றுக்குச் சரி, ஒப்பீட்டுக்குச் சரியே இல்லை. ஒப்பிடுபவர் கண்ணைப் பக்கவாட்டில் ஓட்டிப் பார்க்கிறார். அட்டையாக உடைத்தால் ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு கீழே உருட்ட வேண்டியிருக்கும். தவிர 'டிஸ்ப்ளே' மாற்றப்பட்ட அட்டவணையைச் சில பிரவுசர்களில் திரைவாசிப்பான் அட்டவணையாகவே உணராது.

அட்டவணையை அட்டவணையாகவே விடுங்கள். அதைச் சுற்றி ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குப் பக்கவாட்டு 'ஓவர்ஃப்ளோ ஆட்டோ'. பெட்டிக்கு 'டேப்இண்டெக்ஸ்' 0 கொடுத்தால் விசைப்பலகையிலும் உருட்டலாம். 'ரீஜன்' ரோலும் ஒரு பெயரும் கொடுங்கள். முதல் பத்தியை 'ஸ்டிக்கி' ஆக்கி இடது 0 வையுங்கள். பின்னணி நிறம் கொடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அடியில் ஓடும் எண்கள் பெயரின் மேல் கலந்து தெரியும். 'பார்டர் கொலாப்ஸ்' முறையில் கோடுகள் அட்டவணைக்குச் சொந்தம், கட்டத்துக்கு அல்ல. அதனால் ஸ்டிக்கி பத்தி நிற்கும், கோடு மட்டும் நகர்ந்துவிடும். 'செபரேட்' ஆக்கி இடைவெளியை 0 வைத்தால் தீரும். நிற்கும் பத்தி திரையில் 40%-க்கு மேல் போகாமல் பாருங்கள். நம் மொழியில் சொற்கள் நீளம். 'ஓவர்ஃப்ளோ ரேப்' இல்லாவிட்டால் ஒரே சொல் பாதித் திரையைப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு வினோதம் நடக்கும். பெட்டி உருளாது, முழுப் பக்கமும் அகலமாகிவிடும். பெட்டியில் தவறு இருக்காது. வெளியே உள்ள கிரிட்டில் 'ஒரு எஃப்ஆர்' என்று எழுதியிருப்பீர்கள். அதன் உண்மையான பொருள் "குறைந்தபட்சம் உள்ளடக்கத்தின் அகலம், அதிகபட்சம் ஒரு பங்கு". உள்ளே 1,100 பிக்சல் அட்டவணை இருந்தால் குறைந்தபட்சமே 1,100. 'மின்மேக்ஸ்' எழுதிக் குறைந்தபட்சத்தை 0 ஆக்குங்கள். ஃபிளெக்ஸ் என்றால் அந்தப் பிள்ளை உறுப்புக்கு 'மின் விட்த்' 0. பக்கம் பக்கவாட்டில் ஆடுகிறது என்று வரும் புகார்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

வியூபோர்ட் மெட்டா டேக்கில் 'டிவைஸ் விட்த்', தொடக்க அளவு 1. அவ்வளவுதான். அந்த டேக் இல்லாவிட்டால் ஐபோன் சஃபாரி பக்கத்தை 980 பிக்சல் அகலமாக வரைந்து சுருக்கிக் காட்டும், நீங்கள் எழுதிய மீடியா கொயரி எதுவும் வேலை செய்யாது. பெரிதாக்குவதைத் தடுக்கும் மதிப்புகளை அதில் சேர்க்காதீர்கள். படிவத்தில் தொட்டால் பக்கம் தானாகப் பெரிதாகிறதே என்றுதான் பலர் அதைச் சேர்க்கிறார்கள். ஐபோனில் அது நடப்பது உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் மட்டும். எழுத்தை 16 ஆக்குங்கள், தீர்ந்தது.

பிரேக்பாயிண்ட்டுக்கு (அமைப்பு மாறும் திரை அகலம்) போன் மாடல் பட்டியலைத் தேடாதீர்கள். பிரவுசரை 320-இல் வைத்து மெல்ல அகலப்படுத்துங்கள். வரி படிக்க முடியாத அளவு நீளும் இடத்தில், அல்லது இன்னொரு பத்திக்கு இடம் கிடைக்கும் இடத்தில், ஒரு கோடு. இந்த வகைத் தளத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் தேவைப்படாது. எண்ணை 'இஎம்'மில் எழுதினால், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கும் சரியான இடத்தில் மாறும். பட்டியல் அட்டை பக்கப்பட்டியிலும் வருகிறது, நடுப்பத்தியிலும் வருகிறது என்றால் மீடியா கொயரிக்குப் பதில், சுற்றியுள்ள பெட்டியின் அகலத்தைப் பார்க்கும் கண்டெய்னர் கொயரி எழுதுங்கள். 2023 தொடக்கத்திலிருந்து எல்லா முக்கிய பிரவுசரிலும் இருக்கிறது.

தொடும் இடங்கள்: டபிள்யூசிஏஜி 2.2 கேட்கும் குறைந்த அளவு 24க்கு 24 பிக்சல். அது அடித்தளம், விரலுக்கு 44 கொடுங்கள். மவுஸை மேலே வைத்தால் மட்டும் திறக்கும் மெனு போனில் திறக்காது. 'ஹோவர்' வசதி உள்ளதா என்று கேட்கும் மீடியா கொயரிக்குள் அந்த விதியை வைத்து, கிளிக்கிலும் திறக்கச் செய்யுங்கள்.


தறிநூல் மீண்டும்:

மூவருக்கும் மிக்க நன்றி. 'சைசஸ்' பண்பு எங்கள் டெம்ப்ளேட்டில் இல்லை, இப்போதுதான் பார்த்தேன். முகப்புக்குத் தள்ளும் விதியையும் எடுத்துவிட்டோம்.

மாற்றத்துக்குத் தேவைப்படலாம் என்பதால் மூன்று விவரங்கள்: முதன்மையிலிருந்து 'எம்'முக்குப் போகும் ரீடைரக்ட் 301 (நிரந்தரம் என்று சொல்லும் வகை). மொபைல் தளத்தில் ஆஃப்லைன் படிப்புக்காக ஒரு சர்வீஸ் வொர்க்கர் (பிரவுசரின் பின்னணியில் ஓடி, சேமித்த பக்கங்களைத் தரும் ஸ்கிரிப்ட்) இருக்கிறது. மொபைல் முகவரிகளின் அமைப்பு வேறு. அங்கே வெறும் எண், இங்கே பெயருள்ள பாதை.


வடம் பதில்:

இந்த மூன்றையும் சொன்னது நல்லதாயிற்று. மாற்றங்கள் உடைவது இந்த மூன்றில்தான்.

முதலில் முகவரிப் பொருத்தம். 4,000 வரியைக் கையால் எழுத வேண்டாம். மொபைல் பக்கங்களில் கேனோனிகல் டேக் சரியாக இருந்தால், ஒவ்வொரு பக்கமும் தன் இணையான முதன்மை முகவரியை ஏற்கனவே சொல்லிக்கொண்டிருக்கிறது. மொபைல் தளத்தை ஒரு கிராலரால் ஓட்டி, முகவரி ஒரு பத்தி, கேனோனிகல் ஒரு பத்தி என்று எடுத்தால் அதுவே ரீடைரக்ட் பட்டியல். டேட்டாபேஸ் எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். சர்வர் லாகில் உள்ள முகவரிகளையும் சேருங்கள், எங்கிருந்தும் இணைக்கப்படாத பழைய பக்கங்கள் அங்கேதான் கிடைக்கும். இணை இல்லாதவற்றுக்கு 404 அல்லது 410 (பக்கம் இல்லை என்ற பதில்) கொடுங்கள். முகப்புக்கு அனுப்பினால் கூகுள் அதை 'சாஃப்ட் 404' என்றே எடுத்துக்கொள்ளும், படிப்பவருக்கும் எரிச்சல்.

இரண்டாவது, 301. பிரவுசர்கள் 301-ஐ நினைவில் வைத்துக்கொள்ளும், காலாவதி சொல்லாவிட்டால் நீண்ட காலம். நேற்று உங்கள் தளத்துக்கு வந்த போனில் "முதன்மையிலிருந்து எம்முக்குப் போ" என்று பதிந்திருக்கிறது. நாளை நீங்கள் "எம்மிலிருந்து முதன்மைக்குப் போ" என்கிறீர்கள். அந்தப் போன் இரண்டுக்கும் நடுவில் சுற்றி, "ரீடைரக்ட் அதிகம்" என்று நின்றுவிடக்கூடும். புதிதாக வருபவருக்கு எல்லாம் சரியாக இருக்கும், சோதிக்கும் உங்களுக்கும் சரியாக இருக்கும், பழைய வாசகருக்கு மட்டும் தளம் திறக்காது. அதனால் இந்தத் தவறு லேசில் கண்ணில் படாது.

செய்ய வேண்டியது: இன்றே அந்த 301-ஐ 302 (தற்காலிகம்) ஆக்கி, 'கேஷ் கண்ட்ரோல்' ஹெடரில் 'நோ ஸ்டோர்' கொடுங்கள். சாதனத்தைப் பார்த்துச் செய்யும் ரீடைரக்ட் ஆரம்பத்திலேயே 302 ஆக இருந்திருக்க வேண்டும். இனி வருபவர்களின் போனில் புதிதாகப் பதியாது. ஏற்கனவே பதிந்தவர்களுக்காக, மாற்ற நாளில் எம்மிலிருந்து அனுப்பும் முகவரியின் கடைசியில் ஒரு சிறு கேள்விக்குறி அளபுருவைச் சேருங்கள். பிரவுசர் கேஷுக்கு அது வேறு முகவரி, ஆகவே பழைய பதிவு குறுக்கே வராது, சுற்றல் அறுந்துவிடும். அந்தப் பக்கத்தின் கேனோனிகல் அளபுரு இல்லாத முகவரியைக் காட்டட்டும். சில மாதங்களில் அளபுருவை எடுத்துவிடலாம்.

மூன்றாவது, சர்வீஸ் வொர்க்கர். 'எம்' டொமைன் மொத்தத்துக்கும் 301 போட்டால் வொர்க்கர் கோப்பும் அதில் மாட்டும். வொர்க்கர் கோப்பைப் புதுப்பிக்கப் போகும்போது ரீடைரக்ட் வந்தால் பிரவுசர் அதைப் பிழையாக எடுத்து, பழைய வொர்க்கரையே வைத்துக்கொள்ளும். பழைய வொர்க்கர் தன் கேஷிலிருந்து பழைய மொபைல் பக்கத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் சர்வருக்குக் கோரிக்கையே வராது, ஆகவே லாகிலும் தெரியாது. வொர்க்கர் கோப்பை மட்டும் ரீடைரக்டிலிருந்து விலக்கி, அதே முகவரியில் புதிய கோப்பை வையுங்கள். அது செய்ய வேண்டியது நான்குதான்: காத்திருக்காமல் உடனே செயலுக்கு வருவது, கேஷ் எல்லாவற்றையும் அழிப்பது, தன் பதிவை நீக்கிக்கொள்வது, திறந்திருக்கும் பக்கங்களை மறுபடி ஏற்றுவது. இந்தக் கோப்பு மாற்றத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போகட்டும், மாற்றத்துக்குப் பிறகும் அங்கேயே இருக்கட்டும்.

ஆஃப்லைனுக்காகச் சேமித்த கையேடுகள், பிடித்தவை பட்டியல் போன்றவை லோக்கல் ஸ்டோரேஜில் இருந்தால் அவை 'எம்' முகவரிக்குச் சொந்தம், முதன்மைக்கு வராது. வேண்டுமென்றால் மாற்றத்துக்கு முன்பே சர்வருக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

மாற்ற நாளில் வரிசை முக்கியம். ரெஸ்பான்சிவ் டெம்ப்ளேட் முதன்மைத் தளத்தில் முன்னரே ஏறி, குக்கீ வைத்துப் போனில் சோதித்து முடித்திருக்க வேண்டும். பிறகு முதன்மையின் யூசர் ஏஜென்ட் ரீடைரக்டை எடுங்கள், சிடிஎன் (பக்கங்களின் நகலை வைத்து வழங்கும் இடைச் சர்வர்கள்) கேஷை முழுக்கக் காலி செய்யுங்கள், ஒரு போனில் திறந்து முதன்மையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். அதன் பின்தான் எம்மிலிருந்து முதன்மைக்கு 301. இந்த வரிசை மாறினால் எல்லோருக்கும் சுற்றல்தான்.

அதே வெளியீட்டில் முதன்மைப் பக்கங்களிலிருந்து மொபைல் முகவரியைக் காட்டும் 'ஆல்டர்னேட்' டேக்கையும் யூசர் ஏஜென்ட் 'வேரி' ஹெடரையும் எடுத்துவிடுங்கள். கேனோனிகல் தன்னையே காட்டட்டும். எம்மின் ரோபோட்ஸ் கோப்பில் எதையும் தடுக்காதீர்கள். "பழைய தளம்தானே" என்று தடுத்தால் கூகுள்பாட் 301-ஐப் பார்க்கவே முடியாது. ஆப் உங்கள் இணைப்புகளைத் திறக்குமானால், அதற்காக எம்மில் வைத்திருக்கும் சரிபார்ப்புக் கோப்புகளையும் ரீடைரக்டிலிருந்து விலக்குங்கள். உள்நுழைவுக்கும் கட்டணத்துக்கும் பதிவுசெய்த திரும்பும் முகவரிகளில் 'எம்' இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பிறகு இரண்டு வாரம் தினமும் லாகைப் பாருங்கள். கூகுள்பாட் ஸ்மார்ட்ஃபோன் எம்மில் 301 வாங்கி முதன்மையில் 200 வாங்குகிறதா, நடுவில் இன்னொரு தாவல் இருக்கிறதா, 404 எங்கே கூடுகிறது. வேக எண்களைப் பார்த்துப் பதற வேண்டாம். கூகுளின் களத் தரவு 28 நாள் சாளரம், முழுமையாக மாற ஒரு மாதம் ஆகும். சர்ச் கன்சோலின் பழைய மொபைல் பயன்பாட்டு அறிக்கையைத் தேடாதீர்கள், அதை 2023 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். முகவரி ஆய்வுக் கருவியில் கூகுள் வரைந்த பக்கத்தின் எச்டிஎம்எல்லைத் திறந்து, கையேட்டின் கடைசிப் பத்தி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.


தறிநூல் மீண்டும்:

302-ம் புதிய வொர்க்கர் கோப்பும் இன்றே ஏறுகின்றன. கடைசியாக இரண்டு: பகுதி பகுதியாக மாற்றலாமா? எம் டொமைனை எப்போது விடலாம்?


வடம் பதில்:

மாற்றலாம், 4,000 பக்கத்துக்கு அதுவே நல்லது. பாதையை வைத்துப் பிரியுங்கள். முதலில் ஒப்பீட்டுப் பக்கங்கள், ஏனென்றால் அவற்றுக்கு எம்மில் இணையே இல்லை, ரீடைரக்ட் வேலை எதுவும் இல்லாமல் டெம்ப்ளேட்டை மட்டும் சோதிக்கலாம். அடுத்து கையேடுகள், கடைசியில் முகப்பும் பட்டியல்களும். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே சொன்ன அதே வரிசை: முதலில் போகும் ரீடைரக்டை எடு, கேஷ் காலி, சோதி, பிறகு திரும்பும் 301. பகுதி மாறியதும் எம்மில் மிச்சமுள்ள பக்கங்களின் உள் இணைப்புகளை நேரே புதிய முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.

301-களைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருங்கள். டொமைனையும் சான்றிதழையும் விடவே வேண்டாம். சான்றிதழ் காலாவதியானால் ரீடைரக்டுக்கு முன்பே பிரவுசர் எச்சரிக்கை காட்டி நிறுத்திவிடும், பழைய இணைப்புகள் அத்தனையும் ஒரே நாளில் செத்துப்போகும். தானாகப் புதுப்பிக்கும் பட்டியலில் எம்மின் பெயரும் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.